மணி அடித்ததும் கிளம்பிய படகு

சென்னைக்கு வடக்கே ஒரு டச்சு ஊர், தெற்கே ஒரு டச்சு ஊர். வடக்கே இருப்பது பழவேற்காடு. தெற்கே கல்பாக்கத்தை ஒட்டியிருப்பது சதுரங்கப்பட்டினம், பேச்சில் சட்ராஸ். இரண்டிலும் டச்சுக்காரர்களின் கோட்டை இடிபாடு உண்டு, கல்லறைத் தோட்டம் உண்டு. இரண்டும் 1825-ல் ஆங்கிலேயர் கைக்கு மாறின. நடுவே சுமார் 130 கிலோமீட்டர்.

பழவேற்காட்டுப் பக்கத்துக் காட்டூரிலிருந்து ஒரு குடும்பம் சட்ராஸ் குப்பத்தில் நடக்கும் கல்யாணத்துக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். கையில் சீர்வரிசைத் தட்டு, இடுப்பில் குழந்தை, கூடவே முழங்கால் வலிக்காரப் பாட்டி. எதில் போவது?

இதே கேள்வி ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரோட்டர்டாம் போகிறவருக்கும் வரும். அவருக்கு இரண்டு ரயில் வழிகள். அதிவேகப் பாதையில் போனால் 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட; அதற்குத் தனியாக ஒரு கூடுதல் கட்டணம். லைடன், ஹேக் நகரங்கள் வழியாகப் பழைய பாதையில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூடுதல் காசு வேண்டாம். ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு என்பது முதலிலேயே தெரியும். ரயில், பஸ், டிராம், மெட்ரோ, படகு எல்லாவற்றின் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல 9292 என்றொரு தகவல் சேவை இருக்கிறது. காசா நேரமா என்று யோசித்து முடிவெடுக்க அவருக்கு அரை நிமிடம் போதும்.

காட்டூர்க் குடும்பம் முடிவெடுப்பது அப்படி அல்ல. அங்கே முதல் கேள்வி வேறு.

“மீஞ்சூர் வண்டி போயிடுச்சா தம்பி?”

“இப்பத்தான்க்கா போச்சு. ஷேர் ஆட்டோ வரும், நில்லுங்க.”

இந்தப் பேச்சு காட்டூருக்கு மட்டும் உரியதல்ல. தமிழகத்தின் எந்தக் கிராமத்து நிறுத்தத்திலும் கேட்கலாம். எது வேகம், எது மலிவு என்பதெல்லாம் பிறகு. எது வரும், எப்போது வரும் என்பது தெரியாத இடத்தில் பயணி எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. வந்ததில் ஏறுகிறார்.

சரி, வழிகளைப் பார்ப்போம். வழிக்குப் பஞ்சமே இல்லை.

முதலாவது ரயில். காட்டூரிலிருந்து மீஞ்சூருக்கோ பொன்னேரிக்கோ வந்துவிட்டால் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில். டிக்கெட் 5 ரூபாயில் தொடங்குகிறது. காசு கொடுத்துப் போகும் வழிகளில் இதைவிட மலிவானது அரிது. பெரும்பாலான வண்டிகள் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்தில் நின்றுவிடும். அங்கே இறங்கி, சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து பார்க் நிலையம் போய், செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்க வேண்டும். கடற்கரை நிலையம் வரை போகும் வண்டி கிடைத்துவிட்டால் யோகம்தான்: ஒரே நிலையத்துக்குள் நடைமேடை மாறினால் போதும், அதோடு செங்கல்பட்டு வண்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது என்பதால் பாட்டிக்கு உட்கார இடமும் கிடைக்கும். செங்கல்பட்டில் இறங்கினால் திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் பஸ். ஆக, நான்கு வண்டி, மூன்று மாற்றம்.

இரண்டாவது மெட்ரோ. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. மின்சார ரயிலில் விம்கோ நகரில் இறங்கி மெட்ரோவுக்கு மாறினால் விமான நிலையம் வரை குளுகுளுவென்று போகலாம். குடும்பத்தோடு போகும்போது டிக்கெட் காசு கூடும்; அதற்கப்பாலும் இன்னும் இரண்டு வண்டி மாற வேண்டும்.

மூன்றாவது பஸ்ஸிலேயே போவது. மீஞ்சூர், திருவொற்றியூர், பாரிமுனை என்று மாறி மாறி வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எண்ணூரின் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் போகும் என்று ஜோசியர்கூடச் சொல்லமாட்டார்.

நான்காவது வேன். மீஞ்சூரில் ஏறி வண்டலூரில் இறங்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. நகரத்துக்குள் நுழையாமலே தெற்கே போய்விடலாம். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். ஆள் சேரவில்லையென்றால் வாடகை கழுத்தை நெரிக்கும்.

ஐந்தாவது வழி ஒன்று இருந்தது. அது தண்ணீர்.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613-ல். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைமை இடம் இதுதான். இங்கிருந்து போன துணியின் பெயர் இன்னும் பிழைத்திருக்கிறது. மலாய் மொழியில் கைலிக்குக் ‘கயின் பெலிகாட்’ என்று பெயர். இலங்கையில் ‘பலேகாட்’ சாரம். அந்தப் பெலிகாட்டும் பலேகாட்டும் பழவேற்காடுதான். துணியோடு மனிதர்களும் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சங்களில் விற்கப்பட்டும் தங்களைத் தாங்களே விற்றுக்கொண்டும் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக பத்தேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். எதில் போவது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

பழவேற்காட்டுக்கும் சட்ராஸுக்கும் நடுவே டச்சுக்காரர்கள் போய்வந்ததும் கடல்வழியாகத்தான். கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரமிடும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகுகளும் கட்டுமரங்களும்தான் அலையைத் தாண்டி ஆளையும் மூட்டையையும் கொண்டு சேர்த்தன. வாடைக் காற்று ஒரு திசைக்குச் சாதகம், தென்றல் மறுதிசைக்கு. ஐப்பசி, கார்த்திகைப் புயல் காலத்தில் இந்தக் கரைப் பக்கமே கப்பல்கள் தலைகாட்டாது. பயண நேரத்தைத் தீர்மானித்தது காற்று.

அதே காலத்தில் அவர்கள் சொந்த ஊரில் நடந்தது வேறு கதை. ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் நடுவே 1632-ல் ஒரு கால்வாய் வெட்டினார்கள். கரையில் ஒரு குதிரை நடக்கும். அதன் கழுத்துக் கயிற்றில் படகு பின்தொடரும். ட்ரெக்ஸ்கைட் என்று அதற்குப் பெயர். வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர். நம் ஊர் சைக்கிள்காரர் சும்மா மிதித்தாலே முந்திவிடுவார். ஆனால் அதற்குக் கால அட்டவணை இருந்தது. குறித்த நேரத்தில் மணி அடிப்பார்கள். மணி அடித்தால் படகு கிளம்பிவிடும். முப்பது பேர் இருந்தாலும் கிளம்பும், மூன்று பேர் இருந்தாலும் கிளம்பும். சில பத்தாண்டுகளுக்குள் நாட்டின் முக்கிய நகரங்கள் பலவும் இந்தப் படகுகளால் இணைந்துவிட்டன. இரண்டு நூற்றாண்டு ஓடிய அந்தப் படகை முதலில் முந்தியது 1839-ல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் நடுவே வந்த அந்நாட்டின் முதல் ரயில்.

அந்தப் படகுப் பயணத்தில் ஒரு சின்ன விஷயம் கவனிக்கத்தக்கது. பாதி வழியில் ஹால்ஃப்வெக் என்ற இடத்தில் நீரைத் தடுக்கும் அணை இருந்தது. படகு அதைத் தாண்ட முடியாது. பயணிகள் எல்லோரும் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்து, மறுபக்கம் நிற்கும் இன்னொரு படகில் ஏற வேண்டும். மூர் மார்க்கெட்டிலிருந்து பார்க் நிலையத்துக்கு நடப்பதுபோலத்தான். வித்தியாசம் ஒன்றே. இறங்கி நடப்பவருக்காக மறுபக்கத்துப் படகு காத்துக்கொண்டிருந்தது.

இறங்கி ஏறுவது தொல்லைதான். ஆனால் ஏறும் வண்டி அங்கே நிற்கும் என்று தெரிந்தால் பாட்டிகூட நடந்துவிடுவார்.

நம் பக்கத்துக் கால்வாய் டச்சுக்காரர் காலத்தின் கடைசியில் பிறந்தது; வெட்டியது ஆங்கிலேயர். சென்னையிலிருந்து எண்ணூர் வரையான முதல் துண்டு 1806-ல் வந்தது. கொக்ரேன் கால்வாய் என்று அழைக்கப்பட்டது. பிறகு அது வடக்கே பழவேற்காடு ஏரியைத் தொட்டு ஆந்திரத்துக்குள் போயிற்று; தெற்கே மரக்காணம் வரை நீண்டது. சென்னைக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே விடுபட்டிருந்த 8 கிலோமீட்டரை 1876 – 78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போதைய கவர்னரான பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. பசித்த வயிறுகள் வெட்டிய அந்த 8 கிலோமீட்டரால்தான் வடக்கும் தெற்கும் ஒரே நீர்வழியாயின. பழவேற்காடும் அதன் கரையில். சட்ராஸும் அதன் கரையில். டச்சுக்காரர்கள் போன பிறகுதான் அவர்களுடைய இரண்டு ஊருக்கும் நடுவே டச்சு பாணியில் ஒரு கால்வாய் கிடைத்தது என்பது சரித்திரத்தின் குறும்பு.

விறகு, உப்பு, நெல், சவுக்குக் கட்டை, கிளிஞ்சல் என்று எல்லாம் அந்தக் கால்வாயில் வந்தன. ஸ்ரீஹரிகோட்டா விறகில்தான் சென்னையின் அடுப்புகள் பல எரிந்தன. டச்சுக் குதிரையின் இடத்தில் இங்கே மனிதர்கள். கரையில் நடந்தபடி கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார்கள்; படகில் நிற்பவர் கழியால் ஊன்றித் தள்ளுவார். பாரதிதாசன் 1934-ல் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனார். அந்தப் படகை இழுத்த தொழிலாளிகள் பட்ட பாட்டைத்தான் ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையாக்கினார். ‘செலவு’ என்றால் பழந்தமிழில் பயணம். இன்று பயணம் என்றதும் நினைவுக்கு வருவது மற்றச் செலவு.

1960-களிலும் 70-களிலும் அடித்த புயல்கள், லாரிகளின் பெருக்கம், சாக்கடை எல்லாம் சேர்ந்து கால்வாயை முடித்துவைத்தன. 2008-ல் அதைத் தேசிய நீர்வழி – 4 இன் பகுதியாக அறிவித்தார்கள். ஆனால் சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை அதே கால்வாய்க்குள்தான் பறக்கும் ரயிலின் தூண்கள் ஊன்றப்பட்டிருக்கின்றன. தூணுக்கு நடுவே படகு விடும் கனவை இப்போதைக்கு ஓரமாக வைக்கலாம். ஏரிப் பக்கத்தில் தண்ணீர்ப் பயணத்தின் மறுமுகமும் தெரியும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அந்த வலியை அறிந்த ஊரில் படகுச் சவாரி என்று விளையாட்டாகப் பேச முடியாது.

ஆகவே, கேள்வி மறுபடியும் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் திரும்புகிறது. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். பழவேற்காட்டுப் பக்கத்துக்குத் தேவை இன்னொரு புதிய வாகனம் அல்ல. இருக்கும் வாகனங்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டும்.

மின்சார ரயிலுக்கு நிமிடக் கணக்கில் அட்டவணை இருக்கிறது. பஸ்ஸுக்கும் டிப்போவில் ஓர் அட்டவணை இருக்கிறது. அந்த இரண்டு காகிதங்களையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்ப்பவர் வேண்டும். மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் ரயில் வந்து பத்து நிமிடம் கழித்து காட்டூர், பழவேற்காடு பஸ் கிளம்ப வேண்டும். ரயிலுக்குப் பத்து நிமிடம் முன்னால் ஊரிலிருந்து வரும் பஸ் நிலையத்தை எட்ட வேண்டும். நாள் முழுக்க முடியாவிட்டாலும் விடியற்காலை முதல் மூன்று வண்டிக்கும் இரவின் கடைசி மூன்று வண்டிக்குமாவது இதைச் செய்யலாம். புதுத் தண்டவாளம் வேண்டாம், பாலம் வேண்டாம், வெளிநாட்டுக் கடனும் வேண்டாம்.

இதைக் கவனிக்க அமைப்பு இல்லையா? இருக்கிறது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-லேயே வந்துவிட்டது. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பொன்னேரி வட்டாரமும் அதற்குள் வந்தது. 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். நல்ல வேலை, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரே டிக்கெட் என்பது பாதிக் கிணறு. மூன்று வண்டிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, இரண்டாவது வண்டி கண்ணெதிரே போய்விட்டால் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மீன் விற்கும் பெண்களுக்கு, கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது மாதா மாதம் கையில் நிற்கும் காசு. ஆனால் அந்த இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு; அதைக் காத்திருந்து கொடுக்கிறார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறினால் இன்றைய மிச்சத்தில் ஒரு பங்கு போய்விடும். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் கூடையில் இருக்கும் இறாலும் மடவையும் வெயிலில் விலை இழந்துகொண்டிருக்கும். ஐஸ் உருகும் வேகம்தான் அவர்களுடைய கடிகாரம். எட்டு மணிச் சந்தைக்கு எட்டேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தால் வாங்குபவர் வாய்க்கு வந்த விலையைச் சொல்லுவார்.

ஷேர் ஆட்டோக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆள் நிறைந்தால்தான் டீசலுக்குக் கட்டும் என்பது அவர் கணக்கு. அது நியாயமான கணக்கு. அரசு விட்ட இடைவெளியை அவர்தான் நிரப்புகிறார். ஆனால் ஆள் நிறைந்தால் கிளம்பும் வண்டியும், மணி அடித்தால் கிளம்பும் வண்டியும் ஒன்றல்ல. முன்னதற்குப் பயணி காத்திருக்க வேண்டும். பின்னது பயணி வரும்வரை காத்திருக்காது. ஆனால் எப்போது வர வேண்டும் என்று சொல்லிவிடும். மூன்று பேரோடும் கிளம்பக்கூடிய வண்டியை ஓட்டப் பொதுப் பணத்தால்தான் முடியும். அதற்காகத்தான் அரசு போக்குவரத்துக் கழகம் என்று ஒன்று இருக்கிறது.

கூடைக்கும் இடம் வேண்டும். 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டித்தார்; ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தண்டனையோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. கூடையை எங்கே வைப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதே ஆண்டில் கேரளம் திருவனந்தபுரத்தில் ‘சமுத்ரா’ என்ற பெயரில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே கூடை வைக்க வசதி செய்த பஸ்களை விட்டது. பழவேற்காட்டுத் தடத்தில் தனி பஸ்ஸே விட வேண்டும் என்பதில்லை. காலை பஸ் இரண்டில் பின்பக்க இருக்கை இரண்டை எடுத்துவிட்டு, தண்ணீர் வடிய ஒரு தகரத் தட்டு பொருத்தினால் போதும்.

நெதர்லாந்தோடு நம்மை ஒப்பிடலாமா, அது சின்ன நாடு, பணக்கார நாடு என்று கேட்பார்கள். இங்கே ஒப்பிட்டது அந்த நாட்டின் அதிவேக ரயிலோடு அல்ல; குதிரை இழுத்த படகோடு. வேகத்தின் பின்னால் ஓடியபோது அவர்களும் சறுக்கினார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு ஃபைரா என்ற அதிவேக ரயிலை 2012 டிசம்பரில் விட்டார்கள். பனியில் பழுதாகிப் பழுதாகி, 2013 ஜனவரியில் அதை நிறுத்தியே விட்டார்கள். அதற்காக நிறுத்தியிருந்த பழைய இன்டர்சிட்டியைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று.

காட்டூர்க் குடும்பத்தின் கதைக்கு வருவோம். அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை ஊகிக்கச் சிரமம் இல்லை. ஒன்பது மணி முகூர்த்தம் என்பதால் நான்கு வண்டி மாறும் துணிச்சல் வராது. சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, ஆள் சேர்த்து, வேன் பேசிவிடுவார்கள். போக முடியாதவர் மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்புவார். மின்சார ரயிலில் ஆளுக்குச் சில பத்து ரூபாயில் முடிய வேண்டிய வழி, பல நூறு ரூபாயில் முடியும். ரயில் மோசம் என்பதால் அல்ல. ரயிலுக்கு முன்னால் இருக்கும் முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரையும், பின்னால் இருக்கும் கடைசி முப்பது கிலோமீட்டரையும் நம்ப முடியாததால்.

திரும்பி வருவது இன்னும் கடினம். மாலை வரவேற்புக்கு இருந்து, பந்தியில் உட்கார்ந்து எழுந்து, செங்கல்பட்டு வந்து, கடற்கரை வந்து, மீஞ்சூரில் இறங்கும்போது இரவு பதினொன்று தாண்டிவிடும். நிலையத்து வாசலில் அந்த நேரத்தில் ஒரு பஸ் இன்ஜினை ஓடவிட்டு நின்றுகொண்டிருக்க வேண்டும். முன்கண்ணாடியில் ‘காட்டூர் – பழவேற்காடு’ என்று எழுதியிருக்க வேண்டும். தாமதமாக வரும் ரயிலுக்காகக் கூடுதலாக ஐந்து நிமிடம் நிற்க கண்டக்டருக்கு எழுத்தில் அனுமதி இருக்க வேண்டும். அதில் ஏறப்போவது சில நாள் மூன்று பேராகவே இருக்கலாம். தூங்கும் குழந்தை ஒன்று, அதைத் தோளில் போட்ட அம்மா, பின்னால் மெதுவாகப் படியிறங்கி வரும் பாட்டி.